ஃப்ரீசரில் இருந்த நஞ்சுக்கொடி

மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் என்னிடம் இரண்டைக் கொடுத்தார்கள். ஒன்று மகள். இன்னொன்று, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அவளுடைய நஞ்சுக்கொடி. மகளை ஆளாளுக்கு வாங்கிக்கொண்டார்கள். டப்பாவை வாங்க ஒருவரும் கை நீட்டவில்லை.

மனைவி வீட்டு வழக்கம் அது. நஞ்சுக்கொடியைத் தாய்வீட்டு நிலத்தில், தாயைப் பெற்றவரே குழி வெட்டிப் புதைக்க வேண்டும். நாய் தோண்டிவிட்டால் தாய்க்குப் பால் வற்றிவிடுமாம். அவளுக்கோ பால் சரியாகச் சுரக்கவே இல்லை. அதனால் இந்த விஷயத்தில் என் ஜோக்குகளுக்குத் தடை.

மாமனார் பள்ளிப்பட்டிலிருந்து போனில் சொன்னார்: "நெலம் பூரா தண்ணி மாப்ள. குழி எடுத்தா ஊறிகினே கீது. காயட்டும், அதுவரிக்கும் பத்திரமா வெச்சிக்கங்க."

சிஸ்டர் பாடமே எடுத்தார்: "ரெண்டு கவர் போட்டுக் கட்டுங்க சார். ஃப்ரீசர்ல வைங்க. சாப்பாட்டு சாமான் எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவுங்க."

கோழிக்கடையில் கத்தியை எடுத்தாலே ரோட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கிற ஆள் நான். கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு எல்லாம் செய்தேன். செய்து முடித்ததும் எனக்குள் ஒரு போலீஸ்காரன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இதைத் திருடிச் செய்வினை வைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. டப்பாவைச் சுற்றி நூல் கட்டி முடிச்சுப் போட்டது சும்மா ஒரு இதுக்கு.

மனைவியும் மகளும் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை பார்த்தால், முடிச்சு வேறு. நான் போட்டது ஷூ லேஸ் முடிச்சு. இப்போது இருந்தது பூக்கட்டுகிற முடிச்சு.

மாடிவீட்டு அக்கா மலைக்கோயில் அடிவாரத்தில் பூ விற்பவர். கூடையில் பூ வாடாமலிருக்க எங்கள் வீட்டில்தான் ஐஸ் வாங்குவார். சொல்லி வைத்தாற்போல வந்து நின்றார்.

"ஐஸ் கீதா தம்பி?"

"இல்லக்கா. ஐஸே புடிக்கல."

"ஃப்ரிட்ஜ் ஓடிகினுதானே கீது? இன்னா, வழிய மறிச்சிகினு நிக்கிற? உள்ள நகை எதுனா வெச்சிகினு கீறியா?"

நகையாம். எவ்வளவு சாமர்த்தியமாகத் தூண்டில் போடுகிறார்! நான் அவருடைய விரல்களையே பார்த்தேன்.

கட்டிலிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "பாவா, அக்காவ இன்னாத்துக்கு மொறைக்கிற? முடிச்சு போட்டது நான்தான்."

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு மாடியேறினார்.

"நீ எதுக்கு அவுத்த?"

"கோழி ரத்தத்துக்கே மயங்குற ஆளு நீ. ஆஸ்பத்திரிலயே எங்கனா போட்டுட்டு வந்துட்டியோன்னுதான். தொறக்க பயமா இருந்துச்சு, மறுபடி கட்டிட்டேன்."

"தூக்கிப் பாத்தியா? கனமா இல்ல?"

"கனமாத்தான் கீது. தண்ணி ரொப்பி வெச்சிருப்ப நீ."

சிரிக்கலாம் என்று பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. "வெறும் டப்பாவ போய் எங்க நைனா புதைக்கணுமா?"

கோபப்பட எனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் என்னை அவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறவளிடம் எப்படிக் கோபப்படுவது? டப்பாவை எடுத்துக் கீழே வைத்து, நூலை அவிழ்த்து மூடியைத் திறந்து, உள்ளே இருந்த மேல் கவரைப் பிரித்தேன். உள் கவர் கண்ணாடி போல இருந்தது.

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இவ்ளோ பெருசா? இதுலேர்ந்தா இவ சாப்ட்டுகினு இருந்தா?"

பிறகு சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, பிள்ளையை எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். "நைனாவுக்கு போன் போடு பாவா. நெலம் காஞ்சதும் ஆழமா வெட்டச் சொல்லு."

"போடறேன்," என்றேன், முழங்கால்களுக்கு நடுவே தலையைத் தொங்கப் போட்டபடி. "மொதல்ல ரூம் சுத்தறது நிக்கட்டும்."