வளையத்துக்குள் வளையம்

அந்த விரால் கடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். தென்னேரி ஏரியில், மதகுக்குப் பக்கத்தில், அல்லி இலைகளின் ஓரமாகத் தண்ணீர் ஒரு சுழி சுழித்தது. என் கையிலிருந்த தூண்டில் கழி வளைந்தது. மீன் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. பிறகு கழி சட்டென்று நிமிர்ந்துவிட்டது. மஞ்சள் வடத்தைச் சுற்றி எடுத்தால் நுனி மொட்டையாக வந்தது. அதில் சேர்த்திருந்த நைலான் நரம்பு அறுந்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். அறுபடவில்லை. நரம்பைச் சேர்க்க வடத்தின் நுனியில் மாட்டியிருந்த பின்னல் உறை, கால் உறையைக் கழற்றின மாதிரி உருவிக்கொண்டு, நரம்போடும் முள்ளோடும் மீனோடும் போய்விட்டது.

பக்கத்தில் நின்றிருந்த பாய் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மீன் போனா போவட்டும்பா. அவ்ளோ நீள நரம்ப வாயில வச்சிக்கினு அது எங்கனா வேர்ல சிக்கிக்கினு சாவுமே. அத நெனச்சாதான் ஒரு மாதிரி இருக்குது."

எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது.

காஞ்சிபுரத்தில் எனக்கு மருந்துக் கடை. பக்கத்துக் கடை பாயுடையது, மொபைல் சர்வீஸ். என் வயதுதான் அவருக்கும், ஐம்பதைத் தாண்டியவர்கள் நாங்கள். மற்ற கடைக்காரர்கள் போர்டு மாற்றவேண்டும் என்று கைவிரித்த போன்களை, பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் வைத்து, கடுகைவிடச் சின்ன பாகங்களைப் பற்றவைத்து உயிர் கொடுப்பார். கைவிரல் பெரிது, ஆனால் நடுங்காது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கவேண்டியதுதான்.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஈயக்குண்டு கட்டிய சாதாரணத் தூண்டில்தான். நியூசிலாந்தில் வேலை செய்யும் என் மச்சான் ஒருமுறை ஊருக்கு வந்தபோது, இறகு முள் வீசும் கழி ஒன்றைக் கொண்டுவந்தான். ஃப்ளை ராடு என்றான். அதில் முள்ளுக்குக் கனமே கிடையாது. ஒரு கொத்து இறகையும் மயிரையும் கட்டிய பூச்சி பொம்மை, அவ்வளவுதான். கனம் முழுக்க வடத்தில். பிளாஸ்டிக் பூசிய தடித்த வடம் காற்றில் வளைந்து நீண்டு, அந்தப் பூச்சியைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் வைக்கும். மீன் கண்ணுக்கு வடம் தெரியக்கூடாது என்பதற்காக நுனியில் ஆள் உயரத்துக்கும் அதிகமாகக் கண்ணாடி மாதிரியான நரம்பு ஒன்றைச் சேர்த்திருக்கும். அதற்குத்தான் லீடர் என்று பெயர். மச்சான் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எங்களுக்கு வீசக் கற்றுக்கொடுத்துவிட்டு, திரும்பிப் போகும்போது கழியையும் விட்டுவிட்டுப் போனான். வடமும் லீடரும் சேரும் இடத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தென்னேரியில் மீன் குத்தகை எடுத்தவரிடம் அனுமதி கேட்டோம். அவர் கழியையும் இறகையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத வச்சிக்கினு நீங்க ரெண்டு பேரும் வருஷம் பூரா வீசினாலும் என் ஏரி காலியாவாதுபா. போய் உக்காருங்க" என்றார்.

விரால் போன மறுநாளே பாய் வேலையில் இறங்கிவிட்டார். உச்சி வேளையில் தெரு ஓய்ந்திருக்கும். எதிர்ச் சந்தில் ஒரு தறி மட்டும் விட்டுவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவர் மேசையில் வடத்தின் நுனியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துகொள்வோம். தடித்து மெத்தென்றிருக்கும் வடத்தையும், மெலிந்து வழுக்கும் நரம்பையும் சேர்ப்பது சுலபமில்லை. வழுக்காமல் இருக்க இறுக்கினால் நரம்பு வடத்தின் மேல்தோலை அறுக்கிறது. பெரிய முடிச்சாகப் போட்டால், கழியில் வடம் ஓடும் வளையங்களில் சிக்குகிறது.

முதலில் ஆணி முடிச்சைப் போட்டார். ஆணிக்குப் பதில் பேனாவின் காலி ரீஃபில் ஒன்றை வடத்தோடு சேர்த்துப் பிடித்து, நரம்பை நெருக்க நெருக்கமாகச் சுற்றி, நுனியை ரீஃபிலுக்குள் விட்டு இழுத்தார். நூல்கண்டு மாதிரி அழகாக உட்கார்ந்தது. எங்கள் வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்க் கம்பியில் வடத்தைக் கட்டி, நரம்பில் பக்கெட்டைத் தொங்கவிட்டு, செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினோம். துணி காயவைக்க வந்த என் மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"கடைய தொறந்து போட்டுட்டு ரெண்டு பேரும் மாடில தண்ணி ஊத்தி வெளயாடறீங்களா?"

"இல்லமா, டெஸ்ட்டு" என்றார் பாய், மிகவும் பொறுப்பான குரலில்.

பக்கெட் பாதி நிறைவதற்குள் கீழே விழுந்தது. முடிச்சு அவிழவில்லை. வடத்தின் மேல்தோலை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தது. உள்ளேயிருந்த வெள்ளை நூல் தெரிந்தது.

அடுத்தது ஊசி முடிச்சு. ஊசியால் வடத்தின் நுனியை நீளவாக்கில் துளைத்து, நரம்பை அந்தத் துளை வழியாக உள்ளே விட்டு, பக்கவாட்டில் வெளியே எடுத்து, அதன்மேல் சுற்றி இறுக்கவேண்டும். கண்ணை வதைக்கும் வேலை. என்னால் துளைகூடப் போடமுடியவில்லை. பாய் தன் விளக்குக்கு அடியில் வைத்து ஒரே மூச்சில் முடித்தார். நரம்பு வடத்தின் நடுவிலிருந்து முளைத்தது மாதிரி இருந்தது. தறியின் அச்சுப் பல்லில் பாவு இழை போவதுபோல் கழியின் வளையங்களில் தட்டாமல் போனது. பக்கெட் நிறைந்து வழிந்தும் தாங்கியது. இனி இதுதான் என்று முடிவு செய்தோம்.

பல ஞாயிற்றுக்கிழமைகள் அதை வைத்தே வீசினோம். விடியற்காலையில் கிளம்புவோம். தெருவில் நெசவுக்குப் பாவு விரித்திருந்தால் வண்டியை உருட்டிக்கொண்டு சுற்றிப் போவோம். ஜிலேபி மீன்கள் கிடைத்தன. விரால் துரத்தும், கடிக்காது.

ஒரு நாள் வீசிய வீச்சில் பின்னாலிருந்த கருவேலத்தில் மாட்டி, லீடர் அடியோடு அறுந்தது. பாய் ஊசியை எடுத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தார். வெயில் ஏறியிருந்தது, நல்ல வெளிச்சம். ஆனால் நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார். ஊசி வடத்தில் இறங்கவில்லை, கட்டை விரலில் இறங்கியது. ரத்தத்தை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார். மறுபடியும் அதே விரல்.

"குட்றா பாய், நான் பாக்கறன்" என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. வடத்தை மடியில் போட்டுவிட்டு ஏரியைப் பார்த்தார்.

"எடது கண்ல ஒரு கறுப்பு நூல் ஓடிக்கினே இருக்குதுபா. தொடச்சா போவல. மொதல்ல ஒண்ணு இருந்துது. இப்ப மை கொட்டின மாதிரி இருக்குது."

"எப்பலேந்து?"

"கொஞ்ச நாளாவே. கடைல சின்ன வேல வந்தா ஆள் இல்லன்னு திருப்பி அனுப்பிக்கினு இருக்கறன். வூட்ல சொல்லல. நீயும் சொல்லாத."

அவருக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை என் கடையில்தான் வாங்குகிறார். சர்க்கரையும் கறுப்பு நூலும் சேர்ந்தால் என்னவென்று எனக்குத் தெரியும். தூண்டிலைச் சுருட்டச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். கழியை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். மறுநாள் காலை இரண்டு கடைகளையும் சாத்திவிட்டு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். போகும் முன் அவர் மனைவியிடம் அவரையே சொல்லவைத்தேன்.

விழித்திரையின் ரத்தக்குழாய் கசிந்து கண்ணுக்குள் ரத்தம் பரவியிருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு கண்ணுக்கும் லேசர், இடது கண்ணில் ஊசி. கனம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது, தலையை உயர்த்தித்தான் படுக்கவேண்டும். பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்லமுடியாது. பாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது மட்டும், "கண்ணுலயே ஊசி போடுவாங்களாபா?" என்று கேட்டார். அவர் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

அவர் வீட்டோடு இருந்த மாதங்களில் நான் ஒரு தடவை தனியாகத் தென்னேரி போனேன். லீடர் அறுந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டும் என்னால் ஊசி முடிச்சைப் போடமுடியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். எங்களுடைய நல்ல முடிச்சு அந்த மேசையிலும் அந்த விளக்கிலும் அந்தக் கண்ணிலும் மட்டும்தான் நல்ல முடிச்சு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

வேறு வழி உண்டா என்று வீடியோக்களில் தேடினேன். வடத்தின் நுனியை மடித்துச் சின்ன வளையமாக்கி, மடித்த இடத்தை மெல்லிய நரம்பால் இரண்டு இடத்தில் சுற்றிக் கட்டி, பசை தடவிவிட்டால் அது நிரந்தரமாக இருக்கும். லீடரின் நுனியிலும் ஒரு வளையம். வடத்தின் வளையத்தை லீடரின் வளையத்துக்குள் விட்டு, லீடரின் மறுநுனியை வடத்தின் வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால், இரண்டு கைகள் கோத்துக்கொண்ட மாதிரி உட்காரும். ஒரு வளையம் மற்றதன் கழுத்தில் ஏறிச் சுருக்குப் போட்டுவிடக்கூடாது, அது ஒன்றுதான் கவனம். அதையும் விரலால் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். நான் கட்டிய முதல் வளையங்கள் கோணல். நாலைந்து முறை வெட்டிப்போட்ட பிறகு ஒன்று பக்கெட்டைத் தாங்கியது.

அதை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார்.

"கண்ண மூடிக்கினே மாட்டலாம் பாய்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "நான் இன்னா குருடனாபா? குருடனுக்குன்னு தனியா முடிச்சு கட்டிக்கினு வந்துட்டியா?"

"எனக்குந்தான் கட்டனேன். நீ இல்லாதப்ப போய், மாட்டத் தெரியாம திரும்பி வந்தன். எனக்கு மட்டும் கண்ணு நல்லா இருக்குதா?"

"ஊசி முடிச்சு மாதிரி வருமா இது? கழி வளயத்துல தட்டும்."

"தட்டும். இல்லன்னு சொல்லல."

"எடுத்துக்கினு போ." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் மனைவி வாசல்வரை வந்து, "கோவிச்சிக்காதீங்கண்ணா, எங்கமேலயும் இப்டித்தான் எரிஞ்சி வுழறாரு" என்றார். எனக்குக் கோபமில்லை. வடத்துண்டையும் லீடரையும் ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு மாலை, கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் அவரே வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கல்லாப் பக்கம் ஒதுங்கி நின்று, சட்டைப் பையிலிருந்து வடத்துண்டையும் லீடரையும் எடுத்தார். எதிரே இருமல் மருந்துக்கு நின்ற பெண்ணைப் பார்த்தபடியே, விரல்களால் மட்டும் இரண்டு வளையங்களையும் கோத்து, நனைத்து, இழுத்தார்.

"உன் வளயம் கோணலா இருந்துது. வெட்டிப்போட்டுட்டு வேற கட்டனேன், தடவியே" என்றார். வாங்கிப் பார்த்தேன். நான் கட்டியதைவிட நன்றாகத்தான் இருந்தது.

டாக்டர் ஒப்புக்கொண்ட பிறகு தென்னேரிக்குப் போனோம். மழை பெய்து ஓய்ந்து ஏரி நிறைந்திருந்தது. கழியை அவர் கையில் கொடுத்தேன். முதல் வீச்சுகளில் வளையக் கோப்பு கழியின் நுனியில் தட்டித் தட்டித்தான் போனது. கொஞ்ச நேரத்தில் அவர் கை அதற்குப் பழகிவிட்டது. அல்லி ஓரத்தில் பூச்சி விழுந்ததும் தண்ணீர் பிளந்தது.

"பாய்! வுட்டுப் புடி!"

"கம்முனு இருபா, தெரியுது!"

கழி அரைவட்டமாக வளைந்தது. மீன் இலைகளுக்குள் போகப் பார்த்தது. அவர் பக்கவாட்டில் சாய்த்துத் திருப்பினார். கையில் வலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். விராலின் முதுகு கறுப்பாகத் தெரிந்தது, வலைக்கு ஒரு கை தூரம். வாலை ஒருமுறை அடித்தது. கழி நிமிர்ந்துவிட்டது.

பாய் வடத்தைச் சரசரவென்று இழுத்து நுனியைத் தடவினார். வளையங்கள் அப்படியே கோத்திருந்தன. லீடர் முழுசாக இருந்தது. கடைசியில் முள்தான் வளைவு போய் நேராகக் கம்பியாகி நின்றது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். அத்தனை மாதங்களில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"வாயில ஒண்ணுமே இல்லாம போச்சிபா அது. சுத்தமா போச்சி!"

இடது கண் இன்னும் புகையாகத்தான் இருக்கிறது அவருக்கு. வலது கண் தப்பித்துவிட்டது. டிஸ்ப்ளே, பேட்டரி வேலைகளை மட்டும் தானே செய்கிறார். பொடி வேலைகளை வேறு கடைக்கு அனுப்பிவிடுகிறார். ஆரம்பத்தில் அது அவருக்குக் கசந்தது, இப்போது அவ்வளவாக இல்லை என்கிறார்.

அன்று இரண்டு ஜிலேபி மீன்களோடு திரும்பினோம். வாலாஜாபாத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அவர் சர்க்கரை போடாத டீயை முகம் சுளித்துக் குடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், கூட வருகிறாயா என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.