துணைக்காலில் தொடங்கிய பெயர்

என் கொழுந்தனை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்தோம் என்று முடியும் என நினைத்துப் படிப்பவர்கள் ஏமாந்துவிடக் கூடாது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்த புதிது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு பக்கம் மறியல், கொடுக்கக் கூடாதென்று இன்னொரு பக்கம் கூட்டம். எனக்கு இரண்டுமே பிழைப்பு. வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, மனு என்று டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒதுக்கீடு வேண்டும் என்று வந்தவர்களுக்கும் அடித்தேன், வேண்டாம் என்று வந்தவர்களுக்கும் அடித்தேன். இரண்டு மனுவுக்கும் மேலே 'பெறுநர்', கீழே 'இப்படிக்கு'. நடுவில் நாலு வரிதான் மாறும்.

அந்தக் கம்ப்யூட்டர் அப்பா எனக்குக் கொடுத்த சீர். கல்வராயன் மலையில் ஒரு பள்ளி விடுதியில் அவர் சமையல்காரர். பீரோ வேண்டாம், இது வேண்டும் என்று நான்தான் கேட்டேன். வாங்கியதும் நேரே என்னிடம் கொடுக்கவில்லை. மலைக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் தருவேன் என்று கச்சிராயபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார். வளைவுகளில் கம்பியைப் பிடிக்காமல் மடியில் இருந்த மானிட்டரையே கட்டிப் பிடித்துக்கொண்டு போனாராம். அவர் இறந்த பிறகு, அவருடையது என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

கொழுந்தன் தியாகதுருகத்தில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தான். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்றால் அவன்தான். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான், தெரிந்தவன் அவன்!

அந்த வருஷம் கம்ப்யூட்டர் ஹேங் ஆக ஆரம்பித்தது. மணமகன் பெயரை அடித்து மணமகள் பெயருக்கு வருவதற்குள் அப்படியே நின்றுவிடும். மவுஸை உருட்டினால் அம்பு நகராது. பட்டனை அமுக்கி அணைத்து, மறுபடி போட்டு, முதலிலிருந்து அடிக்க வேண்டும். சி டிரைவில் இடம் இல்லை என்று சிவப்புக் கோடு வந்து நிற்கும். குப்பைத் தொட்டியைக் காலி செய்வேன். தற்காலிகக் கோப்புகளை அழிப்பேன். கோடு நீலமாகும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடி சிவப்பு. நான் அடிப்பதோ எழுத்து; பத்திரிகைகள் அத்தனையும் சேர்ந்தாலும் ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவுக்குக்கூட வராது. பிறகு இடத்தை எது தின்கிறது?

கொழுந்தன் வரும்போதெல்லாம் 'சர்வீஸ்' பண்ணுவான்.

“இன்னா அண்ணி, கண்டதையும் ஏத்தி வெச்சிக்கினு இருக்கீங்க? எடம் கம்மியாப் பூட்டா ஹேங்கு ஆவத்தான் செய்யும்” என்பான்.

“அவன் சொல்றத கேளும்மா, படிச்ச புள்ள” என்பார் என் மாமியார்.

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். நான் அடிப்பது பழைய தமிழ் ஃபாண்டில். ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஓர் ஆங்கில எழுத்தின் முதுகில் உட்கார்ந்திருக்கும். டைப் அடிக்கும் பக்கத்தில் தமிழாகத் தெரிவது, ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போது தெரியாது. அங்கே அந்த ஃபாண்ட் செல்லாது. வெறும் ஆங்கில எழுத்துதான் நிற்கும். என் விரல்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. 'கல்யாணம்' என்று அடித்துவிட்டுப் போய்விடுவேன். ஃபோல்டர் மேல் fy;ahzk; என்று நிற்கும். kD என்றால் எனக்கு மனு. பழகிப்போனதால் என் கண்ணுக்கு அது தமிழாகவே தெரியும். மற்றவர்களுக்குக் குப்பை.

ஒருநாள் சாயங்காலம் கொழுந்தன் முன்னறையில் கம்ப்யூட்டரைக் குடைந்துகொண்டிருந்தான். நான் உள்ளே அவனுக்குத்தான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். “யம்மா, இங்க வந்து பாரு” என்று மாமியாரைக் கூப்பிட்டது கேட்டது. “இங்கிலீசும் இல்ல, தமிழும் இல்ல. மொத்தமும் வைரஸு. அண்ணிக்கு இதெல்லாம் கண்ணுக்கே தெரியல பாரு.”

தட்டை எடுத்துக்கொண்டு நான் வந்து பார்க்கும்போது டெஸ்க்டாப் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டிருந்தான். போனவற்றில் mg;gh என்று ஒன்று. அப்பா. அவருடைய கருமாதிப் பத்திரிகையும், அதற்காக ஸ்கேன் எடுத்த அவருடைய போட்டோவும் அதில் இருந்தன. விடுதி அடுப்படி வாசலில் தோளில் துண்டோடு நிற்கிற போட்டோ. அசலைக் கரையான் அரித்துவிட்டது. வேறு பிரதி கிடையாது.

“அது எங்க அப்பா” என்றேன்.

“அய்ய, அது வைரஸு அண்ணி” என்று சொல்லிவிட்டுத் தோசையைப் பிட்டான். தொட்டுக்கொள்ளச் சட்னி ஜாஸ்தியாக வேண்டும் என்றான். போட்டேன். அந்தக் கரண்டியை அவன் தலையில் போடவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

அதற்கப்புறமும் ஹேங் நிற்கவில்லை. அடுத்த முறை வந்தவன், தன் அண்ணனையும் வைத்துக்கொண்டு தீர்ப்பே சொல்லிவிட்டான்.

“இது இங்க இருந்தா வீணாப்பூடும். ஞாயித்துக்கெழம ஆட்டோ எடுத்தாறேன். ஸ்டுடியோல வெச்சி சரி பண்ணி, அங்கயே ஓட்டிக்கிறேன். அண்ணிக்குத்தான் போன் இருக்குதே.”

என் வீட்டுக்காரர் உளுந்தூர்பேட்டையில் லாரி உதிரிபாகக் கடையில் வேலை செய்பவர். நட்டு போல்டு என்றால் ஆயிரம் கேள்வி கேட்பார். தம்பி சொன்னால் ஒரு கேள்வி கிடையாது. “கொஞ்ச நாளைக்குத்தான, குடு” என்றார். என் அப்பாவின் படத்தை அழித்தவன் என் அப்பாவின் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போகப்போகிறான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒருநாள் மறியல். பஸ் ஓடவில்லை, மனு அடிக்க யாரும் வரவில்லை. தியாகதுருகத்திலிருந்து யாரும் வந்துவிடவும் முடியாது. மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சி டிரைவில் இருந்த ஒவ்வொரு ஃபோல்டரின் அளவையும் பார்த்துக் கூட்டினேன். கணக்கு உதைத்தது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சேர்ந்து பாதிகூட வரவில்லை, டிரைவோ நிரம்பி வழிகிறது. அப்படியென்றால் மீதி ஒளிந்திருக்கிறது. மறைத்து வைத்ததையும் காட்டு என்கிற கட்டத்தில் டிக் போட்டேன்.

ஓர் ஓரத்தில் மங்கலாக ஒரு ஃபோல்டர் எழும்பியது. பெயர் hjklhjkl.

யார் பார்த்தாலும் என்னுடையது என்றுதான் சொல்வார்கள். என் ஃபோல்டர்கள் மாதிரியே குப்பை. ஆனால் நான் படித்தேன். ாதமடாதமட. துணைக்காலில் தொடங்குகிற வார்த்தை எந்தத் தமிழில் இருக்கிறது? ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு வர வேண்டிய கால், அநாதையாக முன்னால் வந்து நின்றது. அது என் விரல் அடித்ததில்லை. தமிழ் தட்டத் தெரியாத ஒருவன், குப்பைதானே என்று கைக்கு வந்ததைத் தட்டி வைத்த பெயர்.

திறந்தேன். முழுக்கக் கல்யாண வீடியோ. தியாகதுருகத்துக் கல்யாணங்கள். ஒவ்வொன்றும் ஏற்றப்பட்ட தேதி, அவன் 'சர்வீஸ்' பண்ண வந்த நாள். ஸ்டுடியோவில் இடம் பற்றாததற்கு என் சீரைக் குதிர் ஆக்கியிருக்கிறான். அது நிரம்பித் திணறினால் பழி எனக்கு, திணறிய கம்ப்யூட்டர் அவனுக்கு. நான் வார்த்த தோசையைத் தின்றுகொண்டே செய்திருக்கிறான்.

அழித்துவிட்டேன் என்று நினைத்தால் தப்பு. அழிக்கத்தான் கை போனது. ஆனால் முகூர்த்தத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்கள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்?

முதலில் வேறொரு வேலை செய்தேன். அழித்ததை மீட்கிற மென்பொருள் ஒன்றை இறக்கி ஓட்டினேன். அழிந்த கோப்பு உடனே போய்விடாது, அதன் இடத்தில் வேறு எதையாவது எழுதும்வரை தூங்கிக்கொண்டிருக்கும் என்று படித்திருந்தேன். அப்பாவின் போட்டோ கிடைத்தது. நெற்றி இருந்தது, கண் இருந்தது, பாதி மூக்கு இருந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். மீதி அப்பாவின் மேல் எவனுடைய கல்யாண ஊர்வலமோ ஏறிப் போய்விட்டது. வெகுநேரம் அழுதேன். அழுது முடித்தபோது என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்த ஃபோல்டரை சி-யிலிருந்து டி டிரைவுக்கு நகர்த்தினேன். அவன் எட்டிப் பார்க்காத டி-யில் என் பழைய வருஷத்து ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவில் வைத்து, வேறு பெயர் கொடுத்தேன். உள்ளே இருந்த வீடியோக்களின் பெயர்களையும் மாற்றி, வீடியோ என்று காட்டிக்கொடுக்கும் கடைசி எழுத்துகளையும் வெட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் குதிரையாக ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் ஆட்டோவோடு வந்தான். “சரியாயிடுச்சி தம்பி, நல்லாத்தான் ஓடுது” என்றேன். என் வீட்டுக்காரர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “ஆமாண்டா, நிக்கவே இல்ல” என்றார். கொழுந்தன் அவசரமாக நாற்காலியை இழுத்தான். அந்த ஓரத்துக்குப் போனான். காணோம். மறுபடி போனான். தேடும் கட்டத்தில் என்னென்னவோ அடித்தான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும் காதோரம் வேர்த்தது. நான் சர்க்கரை தூக்கலாகக் காபி கலந்து வைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவன் போன் அடித்தது. அவன் வீடியோ எடுத்த ஏதோ கல்யாணப் பெண்ணின் அப்பா போலிருக்கிறது. வெளியில் கேட்கிற குரலில் பேசினார். பெண் வெளிநாடு கிளம்புகிறாள், கல்யாண கேசட் எங்கே என்றார். “நாளைக்கு குடுத்துர்றேங்க” என்று வைத்தான்.

“இன்னாடா தேடற?” என்றார் அண்ணன்.

“அண்ணி... இதுல என்னுது ஒண்ணு இருந்துது.”

“உன்னுதா? என் கம்ப்யூட்டர்ல உன்னுது இன்னா இருக்கும்? நான் வைரஸுன்னு இல்ல நெனச்சேன்.”

அவன் முகம் செத்துவிட்டது. “அழிச்சிட்டீங்களா?”

ஒரு நிமிஷம் பதில் சொல்லாமல் நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தை நான் யாருக்கும் தர மாட்டேன்.

“உங்கள மாதிரி அழிக்கத் தெரியாது தம்பி. வெச்சிருக்கேன். எவ்ளோ நாளா, எவ்ளோ ஏத்தி வெச்சேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க, தரேன்.”

சொன்னான். விட்டு விட்டு, தரையைப் பார்த்துச் சொன்னான். பிறகு டி டிரைவைத் திறந்து அந்த ஃபோல்டரைக் காட்டினேன். மேலே jpUld; என்று இருந்தது.

“இது இன்னா பேரு?” என்றான்.

“காப்பி பண்ணி, நான் பத்திரிகை அடிக்கிற இந்தப் பக்கத்துல ஒட்டுங்க.”

ஒட்டினான். நான் குனிந்து என் ஃபாண்டைத் தேர்ந்தெடுத்து, பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு வைக்கிற பெரிய அளவை வைத்தேன். மாமியாருக்குக் கண்ணாடி இல்லாமல் சின்ன எழுத்து தெரியாது. பெரிய எழுத்தை வாய்விட்டுத்தான் படிப்பார், எதைப் பார்த்தாலும் படிப்பார். அருகில் வந்து, மகனின் தோளில் கையை வைத்துக்கொண்டு படித்தார்.

“தி... ரு... ட... ன்.”

மாமியார் அவன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.