மேலூரில் மட்டும் கட்டாத காப்பு

போன வெள்ளிக்கிழமை மஞ்சள் துணியும் வேப்பிலையுமாக மேலூருக்குப் போனேன். கடுக்காய்க் காட்டுக்குக் காப்பு கட்டத்தான். கட்டாமல் திரும்பி வந்தேன்.

முன்பு இந்தப் பத்தியில் எழுதிய காப்பு என்ன ஆயிற்று என்று இன்லண்ட் லெட்டரில் உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்லாமல் தப்பிக்க முடியுமா?

எங்கள் ஜவ்வாது மலையில் கடுக்காய் சீசன் வந்தால் கத்தியோடுதான் காட்டுக்குப் போவார்கள். மரமோ உயரம். ஏறிப் பறிக்கப் பொறுமை இல்லை. கிளையையே வெட்டிச் சாய்த்து, உட்கார்ந்து காயை உருவி, தோல் பதனிடுகிறவர்களுக்காக ஜீப்பில் வாணியம்பாடி மண்டிக்கு ஏற்றிவிடுவார்கள். வெட்டிய இடம் மறுபடி காய்க்கப் பல வருஷம் ஆகும். ஒரு ஊர் நிறுத்தினால், அந்தக் கிளையைப் பக்கத்து ஊர் வெட்டும். நிறுத்தினால் காட்டைச் சுற்றியுள்ள ஐந்து ஊரும் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும்.

இதை என்னிடம் முதலில் சொன்னவள் மேலூர் பச்சையம்மா. நிலம் இல்லாதவள். கடுக்காய் பொறுக்கி விற்றுத்தான் வீட்டுக்குச் சாமை வாங்குகிறாள். "இப்டியே போனா அடுத்த வருசம் இன்னாத்தண்ணா பொறுக்கறது... கல்லையா?" என்று கேட்டாள்.

ஐந்து ஊர்த் தலைவர்களான கவுண்டர்களையும் கூட்டினோம். பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போடலாம் என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால் பச்சை மரத்தில் யாராவது கத்தி வைக்கிறார்களா? அதே மாதிரி ஐந்து ஊர்க் கோயிலிலும் காப்பு கட்டுவோம். சீசன் முடியும்வரை உதிர்ந்த காயை மட்டும் பொறுக்குவோம் என்றேன்.

"கடுக்கா வெட்டுனா ஆத்தா கண்ணக் குத்துவான்னா, இங்க பாதிப் பேரு தடவிக்கினுதான் வந்திருக்கணும்" என்றார் கீழூர்க் கவுண்டர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

போன வெள்ளிக்கு இரண்டு வாரம் முந்திய வெள்ளிக்கிழமை காப்பு என்று முடிவாயிற்று. அதற்கு முதல் நாள் வியாழக்கிழமை மேலூரில் ஒரு பெரியவர் காலமானார்.

சாவுத் தீட்டு உள்ள ஊரில் காப்பு கட்டுவது வழக்கமில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், மேலூருக்கு அப்புறம் கட்டலாம் என்று சொல்லிவிட்டேன். மற்ற நான்கு ஊரிலும் கட்டியாயிற்று.

மறுநாளே பச்சையம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"எங்கூர்ல மட்டும் காப்பு இல்லன்னா சும்மா இருக்க மாட்டானுங்கண்ணா. இன்னிக்கே கட்டிடுங்க."

"தீட்டோட எப்டிம்மா? சாமி காரியம் இது."

"மரமும் சாமி காரியம்னு நீங்கதானே சொன்னீங்க."

"பதினாறு நாளுதானே. பொறுத்துக்கோ."

"நான் பொறுத்துக்குவேன். அவனுங்க கத்தி பொறுத்துக்குமா?"

பொறுக்கவில்லை. ஐந்தாம் நாள் மேலூர்க்காரர்கள் காட்டுக்குள் இறங்கினார்கள். கேட்டதற்கு, "எங்கூர்லதான் காப்பு கட்டலையே" என்றார்கள். அதில் பொய் இல்லையே.

மேலூர் மூட்டைகள் ஜீப்பில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் எத்தனை நாள் சும்மா இருப்பார்கள்? எட்டாம் நாள் கீழூர்க் கவுண்டர் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு, காப்பை அவிழ்த்துவிட்டு ஆட்களை அனுப்பினார். பிறகு மற்ற ஊர்களும் போயின.

ஊர்களைக் கூட்டுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். கூட்டிவிட்டேன். எல்லோரும் ஒத்துக்கொண்டபிறகு ஒரே ஒரு ஊரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன் பாருங்கள் — அங்கேதான் எல்லாம் கிழிந்தது.

போன வெள்ளிக்கிழமை, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் போய்ப் பார்த்தபோது மரங்கள் கிளை இல்லாமல் நின்றன. பச்சையம்மா வீடு பூட்டியிருந்தது. கண்ணமங்கலம் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டாளாம். எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

மேலூர்ப் பூசாரி என் கையிலிருந்த வேப்பிலையைப் பார்த்தார். "தீட்டு ஊருக்குத்தானேங்க. காட்டுக்கு ஏது தீட்டு? அன்னிக்கே ஒரு மரத்துல கட்டியிருக்கலாமே. யாரும் வந்து கேக்கலையே" என்றார்.

அம்மன் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அவளுக்குப் பதிலாக நான் சொல்லிவிட்டேன்.