கமரா இல்லாத அழைப்புகள்

நான் இருக்கும் கனடிய நகரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்குகிற எல்லோரும் சாரதிக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். பின்கதவால் இறங்குகிறவர்கள்கூட பஸ் முழுக்கக் கேட்கும்படி 'தாங்க் யூ' என்று சத்தம்போட்டுச் சொல்கிறார்கள். வந்த முதல் கிழமை எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. என் வாப்பா இலங்கையில் ஓட்டமாவடியிலிருந்து பொலன்னறுவைக்குத் தனியார் பஸ் ஓட்டியவர். அவரிடம் இதை வாட்ஸ்அப்பில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு இத்தன வருசமும் ஏச்சுத்தான் மகள் கெடச்ச. பிறேக் போட்டாலும் ஏச்சு, போடாட்டியும் ஏச்சு."

நான் படிக்க வந்தது கொமியூனிகேஷன். மனிதத் தொடர்பாடல் என்று எங்கள் பக்கத்தில் எழுதுவார்கள். மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிப் பேசாமலே உணர்த்துகிறார்கள், எங்கே பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள் என்று நான்கு வருடம் படிக்கிற படிப்பு. "கதைக்கிறத்துக்கும் ஒரு டிகிரியா? அப்பிடியெண்டா ஒன்ட உம்மா எப்பவோ புரொபெசர்" என்றார் வாப்பா. ஆனால் பஸ்ஸில் தெரிந்தவர்கள் யார் ஏறினாலும் எங்கட இளையவ கனடாவில் படிக்கிறா என்று சொல்லிவிடுவாராம். என்ன படிப்பு என்று கேட்டால், "பெரிய படிப்பு" என்பதோடு நிறுத்திக்கொள்வாராம்.

இரண்டாம் வருடத்தில் உடல்மொழி பற்றி ஒரு பாடம் இருந்தது. விரிவுரையாளர் ஒரு வீடியோவைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டு, அதில் இருந்த கணவன் மனைவிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டார். வகுப்பில் எல்லோரும் சரியாகச் சொன்னோம். வாய் பொய் சொன்னாலும் முகமும் கையும் காட்டிக்கொடுத்துவிடும் என்றார் அவர். நான் அதை அப்படியே நம்பினேன்.

ஊரில் மாரி மழை தொடங்கியிருந்த நாட்களில் வீட்டிலிருந்து வந்த அழைப்புகளில் முகங்கள் இல்லாமல் போயின. "மழ விடாமப் பெய்யிது தங்கச்சி. கமராவப் போட்டா கோல் கட்டாகிரும்" என்றாள் ராத்தா, என் ஒரே அக்கா. வாப்பாவிடம் கொடு என்றால் ஒருநாள் தூங்கிவிட்டார், இன்னொருநாள் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். பிறகு தொண்டை கட்டிக் கதைக்க ஏலாமல் இருக்கிறார். உம்மா ஸலாம் சொல்லி, "சாப்பிட்டியா மகள்?" என்று கேட்டதும் போன் ராத்தாவின் கைக்குப் போய்விடும். வாப்பா என்னோடு கோபமோ என்று நினைத்தேன். அவருடைய போனுக்குக் குரல்பதிவுகள் அனுப்பினேன். நீல அடையாளம் விழும், பதில் வராது.

பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது: நெருங்கிய உறவுகளுக்குள் பொய்யும் மறைத்தலும் எப்படி நிகழ்கின்றன? பக்கம் பக்கமாக எழுதினேன்.

பரீட்சை முடிந்த மறுநாள், இங்கே குடியிருக்கிற காத்தான்குடிப் பெண்ணான றிஸ்மியா என்னைப் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பள்ளிவாசலில் ஒன்றிரண்டு தரம் கண்ட பழக்கம்தான். ஊர்ச் சாப்பாடு என்ற சந்தோசத்தில் போனேன். சாப்பிட்டு முடியும்வரை என் பீங்கானில் கறி வைத்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் என் பக்கத்தில் வந்து நெருங்கி உட்கார்ந்து தன் போனைத் தந்தார். திரையில் உம்மா இருந்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. கணவன் இறந்த பெண் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்கிற இத்தாக் காலம் அது என்று எனக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"வாப்பா மௌத்தாகிட்டாங்க மகள்" என்றார் உம்மா. "போன மாசம். சுபஹ் தொழுதிட்டு வந்து நெஞ்சு நோகுதெண்டு செல்லி இருந்தவங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிது."

அன்று பின்னேரம் அஸர் தொழுகையோடேயே அடக்கிவிட்டார்களாம், மழைக்குள். நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. றிஸ்மியாவின் கைகள் என்னை இறுக்கிப் பிடித்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ராத்தாவுக்கு எடுத்தேன். "எத்தின பொய் செல்லியிருக்காய் ராத்தா?"

"ஓம், செல்லினன்" என்றாள். "நீ வாப்பாட்டக் குடு எண்டு கேக்கக்குள்ள எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? ஒவ்வொரு கோலும் வச்சிட்டுக் கிணத்தடியில போய் அழுதன். ஆனா அந்தக் குளிருக்குள்ள ஒத்தையில கிடந்து நீ அழுதா ஒன்னப் புடிக்க ஆரு இரிக்கா? அதுக்கு ஒரு ஆள் கிடைக்குமட்டும் செல்லப்படாதெண்டு உம்மா சென்னாங்க."

அந்த ஆளைத் தேடி ராத்தா காத்தான்குடி முழுக்க விசாரித்து றிஸ்மியாவைப் பிடித்திருக்கிறாள். நான் வாப்பாவுக்கு அனுப்பிய குரல்பதிவுகளை உம்மாதான் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார்.

வகுப்புத் தோழி எமிலியிடம் சொன்னபோது அவள் கண் கலங்கினாள். பிறகு, "இது மோசமான ஏமாற்று. கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது" என்றாள். அவர்கள் என்னைக் காப்பாற்றப் பார்த்தார்கள் என்றேன். "யாரிடமிருந்து?" என்று கேட்டாள். அவள் சொன்ன கோபமும் எனக்குள் இருந்தது, ராத்தாவின் கிணற்றடியும் இருந்தது. இரண்டையும் ஒரே வசனத்தில் சொல்ல எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டு இதை வாசிக்கிறவர்களுக்கு, மறையுங்கள் என்றோ மறைக்காதீர்கள் என்றோ நான் சொல்லப்போவதில்லை. அந்த ஒரு மாதமும் இங்கே நான் சிரித்திருக்கிறேன், சினிமா பார்த்திருக்கிறேன், பனியில் நின்று படம் எடுத்திருக்கிறேன். அந்தப் படங்களை இன்னும் அழிக்கவில்லை, பார்க்கவும் முடியவில்லை. பொய்யைப் பற்றிப் பரீட்சை எழுதிய அந்தப் பாடத்தில் எனக்கு மிக நல்ல பெறுபேறு வந்தது. வீட்டுக்குச் சொல்லவில்லை.

வாப்பாவுக்காகக் குர்ஆன் ஓதிச் சோறு கொடுக்கிற நாற்பதாம் நாள் கத்தத்தன்று, பாயில் சுற்றியிருந்த பெண்களுக்கு நடுவில் ராத்தா போனை வைத்தாள். அங்கே அந்திநேர மஃரிபுத் தொழுகை முடிந்திருந்தது, இங்கே இன்னும் வெளிக்கவில்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலோரம் தரையில் இருந்து அவர்களோடு சேர்ந்து யாசீன் சூராவை ஓதினேன். பாதியில் லைன் அறுந்தது. அவர்களும் ஓதிக்கொண்டுதான் இருப்பார்கள் என்று நான் நிறுத்தாமல் ஓதினேன். திரும்பக் கிடைத்தபோது துஆவும் முடிந்துவிட்டது. பீங்கான்கள் உரசும் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை இறைச்சி கேட்டு அழுதது. யாரோ ஒரு பெண் எதற்கோ சிரித்தாள்.

"சோறு வைக்கிறம் தங்கச்சி, நீயும் என்னத்தையாவது சாப்பிடு" என்றாள் ராத்தா.

எனக்கு யாசீனில் இன்னும் ஒரு பக்கம் மிச்சமிருந்தது. போனை நிறுத்தாமல் பக்கத்தில் வைத்துவிட்டு, எங்கள் வீட்டார் சாப்பிடும் சத்தத்துக்குள் நான் தனியாக ஓதினேன்.