பல்லவி எழுதித் தந்த டியூஷன் சேருக்கு நன்றி

பாடசாலைக்காக நாங்கள் எடுத்த பாட்டு வீடியோவை இணையத்தில் போட்டபோது, எங்களுக்கு டியூஷன் எடுக்கும் சேர் கீழே எழுதியது நினைவிருக்கிறதா?

"சாக்கக் கட்டிக்கிட்டு ஆடுறதெல்லாம் ஒரு டான்ஸா?"

அது சாக்கு இல்லை, படங்கு. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது அம்மா இடுப்பில் கட்டுவது. அதை வாங்கிக் கட்டித்தான் ஆடினேன். சேர் எழுதியதைக் கேட்ட அம்மா படங்கை மடித்து உள்ளே வைத்தார்.

விமர்சனத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டுமாமே. கற்றுக்கொண்டோம். சேரின் வரியை ஒரு சொல்லும் மாற்றாமல் அடுத்த பாட்டுக்குப் பல்லவியாக்கினோம்.

இன்று நாவுலயிலிருந்து மாத்தளை போகும் பஸ்ஸில் யாரோ ஒருவரின் போனில் அந்தப் பாட்டு ஓடியது. பின் சீட்டுக்காரர்கள் கைதட்டிப் பாடினார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் காலால் தாளம் போட்டபடியே திரும்பினார். சேரேதான்!

"நல்ல வரியா இருக்கே புள்ள. யாரு எழுதுனது?"

"நீங்கதான் சேர்."

தாளம் நின்றது. மாத்தளை வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சரணத்துக்கு இன்னும் வரிகள் வேண்டும். கீழே எழுதுங்கள். சேர், உங்களுக்குத்தான் முதலிடம்.