துறையடியில் நான் சொன்ன சாட்சி

நெருப்பையும் கந்தகத்தையும் பற்றிச் சத்தம்போட்டுப் பிரசங்கித்தவர்கள் பலரை நான் கேட்டிருக்கிறேன். அந்த நெருப்பு எப்போதும் வேறு யாருக்கோ மூட்டப்படுவதாகவே எனக்குப் படும். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிடுவேன். ஆனால் அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் எங்கள் கோயிலுக்கு வந்த உபதேசியார் சத்தமே போடவில்லை. இருமல்காரர். மேசையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரோடு கதைப்பதுபோலச் சொன்னார்.

"நியாயத்தீர்ப்பு நாளில ஆண்டவர் புதிசா ஒண்டும் கேக்கப்போறதில்ல. நீங்க கண்டதையும் நீங்க சொன்னதையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு வாசிப்பார். அவ்வளவுதான். அதை இண்டைக்கே சொல்லுறது உங்களப் பயமுறுத்த இல்ல. திருத்திறதுக்கு நேரம் இரிக்கு எண்டு காட்டத்தான்."

நான் கண்டது ஒன்று, சொன்னது இன்னொன்று.

அண்ணனும் நானும் ஒரே தோணியில், வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து கிழக்கே எழுவான்கரைக்கு நெல்மூடை ஏற்றிப் பிழைத்தோம். அப்பா இறந்தபின் என்னை வளர்த்தது அண்ணன்தான். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் பின்னேரம், கச்சான் காற்று கிளம்பிய நேரம், எங்கள் தோணி ஆட்களை ஏற்றிவந்த ஒரு தோணியை முட்டிக் கவிழ்த்தது. அது காத்தான்குடி முஸ்லிம் ஒருவருடையது. அவர்கள் அண்ணனுக்குச் சொல்லும் சொல்லால் நாங்களும் அவரைக் காக்கா என்போம். தண்ணீர் நெஞ்சளவுதான், உயிர்ச்சேதம் இல்லை. ஒரு கிழவிக்குக் கை முறிந்தது. காக்காவுக்கு இடுப்பில் பலமான அடி. அவர் ஏற்றிவந்த ஆட்களெல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டி, சீலையால் தலையை மூடிக் குந்தியிருந்ததால் ஒன்றும் பார்க்கவில்லை. பார்த்தவன் எங்கள் தோணியின் முன்பக்கம், அணியத்தில் நின்ற நான் ஒருவன்தான். தோணியைச் செலுத்தும் சவளைப் பிடித்திருந்த அண்ணன் குடித்திருந்தார்.

ஊர்த் தலைவரான விதானையார் துறையடியில் வைத்து விசாரித்தபோது, காக்காதான் குறுக்கே விட்டார் என்று சொன்னேன். அவர் பக்கம் பேசச் சாட்சி இல்லை. அன்றோடு அவர் துறையில் தோணி விடக்கூடாது என்றாயிற்று.

உபதேசியாரின் பிரசங்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டாள், சொன்னேன். அவள், "முதல்ல அண்ணரிட்டச் சொல்லுங்க. அவருக்குத் தெரியாம ஒண்டும் செய்ய வேணாம்" என்றாள்.

அண்ணன் அப்போது குடியை விட்டு, கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவராக இருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது.

"முழங்கால்ல நிண்டு ஆண்டவரிட்டச் சொல்லு, அது காணும். ஊருக்கு என்னத்துக்கு?"

அதுவும் சரிதானோ என்று இரண்டு நாள் தடுமாறினேன். பிறகு உபதேசியாரிடமே போய்க் கேட்டேன். அவர் கொத்தமல்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆண்டவரிட்டச் சொல்லிற்றீங்களா?"

"ஓம் ஐயா."

"அந்த மனிசனுக்கு அது கேட்டிருக்குமா?"

நான் எழுந்து வந்தேன்.

மறுநாள் காலை காத்தான்குடிக்கு நடந்தேன். காக்கா தோணியை விற்றுவிட்டு, சீலைப் பொட்டணி சுமந்து ஊரூராக விற்றுக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் பொட்டணி கட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் நிமிர்ந்தார், ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி. உட்காரச் சொல்லுமுன் நான் சொல்லி முடித்துவிட்டேன்.

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"ஏன் தம்பி இப்ப வந்து சொல்றீங்க?"

"நியாயத்தீர்ப்பு நாள நினைக்கப் பயமா இரிக்கு காக்கா."

"எங்களுக்கும் அந்த நாள் இரிக்கி. ரெண்டு வருசமா நான் அதை நினைச்சுத்தான் வாயப் பொத்திக்கிட்டு இரிந்தன்." பொட்டணியை ஒருபக்கம் தள்ளி வைத்தார். "ஆனா என்னட்டச் சொன்னது காணாது. எங்க வைச்சுச் சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க."

இருவரும் துறைக்கு நடந்தோம். அவருடைய நடைக்கு ஏற்ப நானும் மெதுவாக நடந்தேன். விதானையாரை அழைத்துவந்தபோது அவருக்கு ஒரே எரிச்சல். "முடிஞ்ச கதைய ஏன்டா கிளறுறாய்?" என்றார். தோணிக்காரர்கள் கூடினார்கள். நான் உரக்கச் சொன்னேன். அண்ணனின் குடியைச் சொல்லும் இடத்தில் அழுதுவிட்டேன்.

அண்ணனை மூன்று மாதம் துறையிலிருந்து விலக்கினார்கள். பொய் சொன்ன எனக்கும் அதே தண்டனை. நானும் மனைவியும் கீரையும் கிழங்கும் தின்று அதைக் கடந்தோம். கோயிலில் அண்ணன் தட்டு ஏந்துவதை விட்டார். என்னோடு பேசுவதையும் விட்டார். தடை நீங்கியபின் ஒரே தோணியில் ஒரு வார்த்தை இல்லாமல் மாதக்கணக்கில் சவள் வலித்தோம். செய்தது சரிதானா என்று அந்த நாட்களில் பலமுறை என்னையே கேட்டேன்.

காக்காவுக்குத் துறை உரிமை திரும்பக் கிடைத்தது. ஆனால் இடுப்பு இடம் கொடுக்கவில்லை. பொட்டணி வியாபாரத்திலேயே நின்றுவிட்டார். நான் மிகவும் பிந்திப் போயிருந்தேன். அதற்கு இன்றுவரை எனக்கு ஆறுதல் இல்லை.

அடுத்த அறுவடைக் காலத்தில் ஒருநாள் அவர் பொட்டணியோடு துறைக்கு வந்தார். அன்று படுவான்கரைக்குப் புறப்பட நின்றது எங்கள் தோணி மட்டும்தான். நான் அசையுமுன் அண்ணன் இறங்கி, பொட்டணியை வாங்கி வைத்து, அவருக்குக் கை கொடுத்து ஏற்றினார். நடு வாவி வந்ததும், காக்காவின் முகத்தைப் பாராமலே அண்ணன் சொன்னார்.

"அண்டைக்கு நான்தான் குடிச்சிரிந்தன், காக்கா."

"தெரியும் தம்பி. தண்ணிக்குள்ள கிடக்கக்குள்ளயே மணந்திச்சு."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே தோளில் கண்ணைத் துடைத்தார். பிறகு, ஒரு வருடத்துக்குப் பின் முதல்தடவையாக என் பக்கம் திரும்பி, "தம்பி, காக்காக்குக் குடிக்கத் தண்ணி குடு" என்றார்.