மீன்கூடைக்காக நான் போட்ட சண்டை

நம் பொறியியல் கல்லூரி ஹாஸ்டல் பலகையைப் படிக்கிற எல்லோருக்கும்: இன்று காலை மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு பஸ்ஸில் வந்தேன்.

முன் சீட்டில் சமூகப்பணிக் கல்லூரி மாணவி ஒருத்தி. கையில் அவர்கள் கல்லூரியின் கொள்கைத் தாள். எட்டிப் படித்தேன்: ‘மக்களின் முடிவை மதிப்போம்.’ வெட்டிப் பேச்சு என்று நினைத்தேன்.

வழியில் ஓர் அம்மா மீன்கூடையோடு ஏற வந்தார்.

“தண்ணி சொட்டுது, எறங்கு!” என்றார் கண்டக்டர்.

சந்தைக்குப் பிந்தினால் மீன் வீண். நான் எழுந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சட்டம் பேசினேன். கண்டக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. “ரூலா பேசறே? கூடை ஏறாது, போ!” என்று விசிலை எடுத்தார்.

அந்த மாணவி இறங்கிப்போய், “உங்களுக்கு என்னம்மா செய்யணும்?” என்று கேட்டாள்.

“கூடைய டாப்புல ஏத்த ஒரு கை குடு. அப்பால அந்தக் கண்ணாடிக்காரன வாய மூடச் சொல்லு. தெனம் இந்த அண்ணாத்த கத்துவாரு, நானு சிரிப்பேன், கூடை ஏறிடும். இன்னிக்கி இவன் பூந்து கெடுத்துட்டான்.”

கண்டக்டர் சிரித்துவிட்டார். கூடை ஏறியது.

நமக்குச் சுமையைக் கணக்கிடத்தான் சொல்லித் தருகிறார்கள், சுமப்பவரைக் கேட்க அல்ல.

மறுப்பவர்கள் இதன் கீழேயே எழுதலாம். இந்தத் தாளைக் கிழித்தால் மறுபடி ஒட்டுவேன்.